காசோட ஒரு சீட்டும் வைங்க: தருமபுரி பக்கம் எங்க நாணய சங்கத்து அனுபவம்

நம்ம பக்கத்துல நாணயம் சேர்க்கிறவங்க இருக்காங்களான்னு கேட்பாங்க. இருக்காங்க, நல்லாவே இருக்காங்க. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டுக்கும் சேர்த்துதான் எங்க சங்கம், 2004ல மாவட்டம் ரெண்டா பிரிஞ்சாலும் காசு சேர்க்கிறவங்க பிரியல, ஒரு மாசம் தருமபுரில கூடுவோம், அடுத்த மாசம் கிருஷ்ணகிரில, ஞாயித்துக்கிழமை காலைல ஆரம்பிச்சா சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் கிளம்ப மாட்டாங்க. ரிட்டையர்டு கண்டக்டர் ஒருத்தர், பேங்க்ல கேஷியர் ஒருத்தர், பழைய இரும்புக்கடை வச்சிருக்கிற அண்ணன், வாத்தியாருங்க சில பேர், ஓசூர் கம்பெனிகள்ல வேலை பாக்குற பசங்க, காலேஜ் படிக்கிற பொண்ணுங்க, இப்படி கலவையான கூட்டம். சேரணும்னு கேட்கிறவங்க இப்ப அதிகமாயிட்டாங்க, அவங்களுக்காகத்தான் அங்க என்ன நடக்குது, நான் என்னெல்லாம் கத்துக்கிட்டேன்னு எழுதுறேன்.

எங்க சங்கத்துல ஒரே ஒரு கறாரான சட்டம் உண்டு. சீட்டு இல்லாம எந்தக் காசும் மேஜைக்கு வரக்கூடாது. சீட்டுன்னா பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு சின்ன கெட்டிப் பேப்பர், அதுல பென்சில்ல எழுதணும். என்ன காசு, எடை எவ்வளவு, குறுக்களவு எவ்வளவு, யார்கிட்ட இருந்து வந்துச்சு, அவங்களுக்கு எந்த ஊர்ல கிடைச்சுது, எந்த வருஷம் நம்ம கைக்கு வந்துச்சு, விலைக்கு வாங்கியிருந்தா எவ்வளவுக்கு. என்ன காசுன்னு தெரியலன்னா அந்த இடத்தை காலியா விட்டுடலாம், பரவாயில்ல. ஆனா எங்கிருந்து வந்துச்சுங்கிற இடத்தை காலியா விடவே கூடாது, ஏன்னா என்ன காசுங்கிறதை பத்து வருஷம் கழிச்சுகூட புத்தகத்தைப் பார்த்து கண்டுபிடிச்சிடலாம், எங்கிருந்து வந்துச்சுன்னு அன்னைக்கே கேட்டு எழுதலன்னா அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது, குடுத்த பெரியவர் போய்ச் சேர்ந்துட்டா அதோட முடிஞ்சுது. நான் சொல்ல வர்ற விஷயம் முக்கால்வாசி இதான், மிச்சம் எல்லாம் இதைச் சுத்தித்தான் வரும்.

நம்ம பூமிக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்னா, இங்க ஆண்டவங்க அத்தனை பேர். அதியமானோட தகடூர், அப்புறம் சோழர், ஓசூர் பக்கம் ஹொய்சளர், விஜயநகரம், மைசூர் உடையார், ஹைதர் அலி, திப்பு சுல்தான், கடைசில 1792ல ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்துல பாராமகால்னு சொல்ற நம்ம பகுதி முழுசும் கிழக்கிந்திய கம்பெனி கைக்குப் போச்சு. ராஜா மாறிட்டாருன்னு ஜனங்க மடியில இருந்த காசு மறுநாளே மாறியிருக்காது, திப்புவோட யானைக் காசும் கம்பெனி காசும் பழைய செப்புக் காசும் ஒரே சந்தைலதான் ஓடியிருக்கணும். அதனால ஒரு காசு எந்த ஊர் மண்ணுல கிடைச்சுதுங்கிறது அந்த ஊரு யாரோட கொடுக்கல் வாங்கல் வச்சிருந்துச்சுங்கிறதுக்கு சாட்சி. செங்கம் பக்கத்து ஆண்டிப்பட்டில கிடைச்ச ஈயக் காசுங்களைப் பாருங்க, தமிழியில, அதாவது ரொம்பப் பழைய தமிழ் எழுத்துல, சேந்தன்னு பேர் பொறிச்சது, அது ஆண்டிப்பட்டில கிடைச்சுதுன்னு எழுதி வச்சிருக்கிறதாலதான் அந்தப் பகுதியை ஆண்ட சிற்றரசர்களோட சேர்த்து வச்சுப் பேச முடியுது. அதே காசு யாரோ ஒருத்தர் டப்பாவுல ஊர் பேர் இல்லாம கிடந்திருந்தா வெறும் ஈயத் துண்டுதான்.

எங்க மேஜைலயே இதுக்கு ஒரு உதாரணம் உண்டு. ஒரே மாதிரி ரெண்டு யானைக் காசு. ஒண்ணு ஒரு தம்பி ஆன்லைன்ல வாங்கினது, எழுத்தெல்லாம் பளிச்சுன்னு இருக்கு, ஆசையா இருக்கும் பார்க்க. இன்னொண்ணு கிருஷ்ணகிரி சையத் பாஷா மலைக் கோட்டை பக்கத்துல நிலம் வச்சிருக்கிற ஒரு ஐயா கொண்டு வந்தது, யானையோட தும்பிக்கை தேஞ்சு போச்சு, ஒரு ஓரம் நெளிஞ்சிருக்கு. விலைன்னு பார்த்தா முதல் காசுக்குத்தான் அதிகம் கிடைக்கும். ஆனா ரெண்டாவது காசோட சீட்டுல எந்த ஊர், எந்தப் பக்கத்து நிலம், கூட வேற என்ன கிடைச்சுதுன்னு எல்லாம் இருக்கு, என்னைக் கேட்டா ரெண்டாவதைத்தான் எடுப்பேன், சங்கத்துல பாதிப் பேர் இதை ஒத்துக்க மாட்டாங்க, மாசா மாசம் இந்தச் சண்டை நடக்கும்.

கூட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது எழுத்து படிக்கிற நேரம்தான். நம்ம பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் பேசுற ஜனங்க இருக்காங்க, காசுங்களும் அப்படியேதான் இருக்கு. திப்பு காசு வந்தா கிருஷ்ணகிரி பாய் ஒருத்தர் கிட்ட போகும், அவருக்கு உருது நல்லா படிக்க வரும், அதை வச்சு பாரசீக எழுத்தை தடவித் தடவிப் படிச்சு ஜர்ப், அதாவது அடிச்ச இடம், பட்டன்னு சொல்வாரு, அது ஸ்ரீரங்கப்பட்டணம். திப்பு தன் செப்புக் காசுங்களுக்கு கிரகம், நட்சத்திரம் பேரா வச்சிருந்தாரு, பைசாவுக்கு ஜோஹ்ரா, அதான் வெள்ளி கிரகம், அரைப் பைசாவுக்கு பஹ்ராம், அது செவ்வாய், கால் பைசாவுக்கு அக்தர், அரைக்கால் பைசாவுக்கு குத்ப். இதுல புதுசா வர்றவங்க தவறாம குழம்புற இடம் வருஷம். 1787ல இருந்து திப்பு மௌலூதின்னு ஒரு வருஷக் கணக்கு கொண்டு வந்தாரு, 1215ல ஆரம்பிச்சு 1227 வரைக்கும் அந்த வருஷங்க வரும், ஆனா காசுல அந்த எண்ணை வலதுல இருந்து இடதா படிக்கணும், நேரா படிச்சா எந்தக் கணக்குலயும் வராத ஒரு வருஷம் வரும், உடனே இது போலின்னு தூக்கிப் போட்டுடாதீங்க.

மைசூர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காசு வந்தா தேன்கனிக்கோட்டைல இருந்து வர்ற அண்ணனோட முறை. அவங்க வீட்ல கன்னடம், அந்தச் செப்புக் காசுல கன்னட எழுத்துல மயிலி காசுன்னு இருக்கும், ஆங்கில எழுத்துலயும் மீலீ இருபது கேஷ்னு இருக்கும், கேஷ்ங்கிறது அந்தக் காலத்து சின்னக் காசு மதிப்பு, மேல சிங்கம். எங்க நோட்டுல சேர்ந்திருக்கிற சீட்டுங்களைப் பார்த்தா இந்த மைசூர் காசுங்க ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்து வீடுகள்ல இருந்துதான் ஜாஸ்தி வருது, கம்பெனியோட இருபது கேஷ், பத்து கேஷ் எல்லாப் பக்கமும் வருது. கம்பெனி 1807, 1808ல மெட்ராஸ்ல அடிச்ச வெள்ளிப் பணம், பணம்ங்கிறது அப்ப ஒரு வகைக் காசோட பேரு, அதை யாராவது கொண்டு வந்துட்டா அன்னைக்கு திருவிழாதான், அந்தச் சின்ன வில்லைல ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு நாலும் இருக்கும், நாலு பேரும் ஆளுக்கு ஒரு எழுத்தா சத்தமா படிப்பாங்க.

இருபது கேஷ் காசைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், இது எங்க பசங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 1803, 1808னு வருஷம் போட்ட அந்தக் காசுங்க நம்ம ஊர்ல அடிச்சதே இல்ல, இங்கிலாந்துல பர்மிங்காம் பக்கம் மேத்யூ போல்டனோட சோஹோ மின்ட்ல நீராவி மெஷின்ல அடிச்சு கப்பல்ல அனுப்பினது. அப்படி வந்த ஒரு கப்பல், அட்மிரல் கார்ட்னர்னு பேரு, 1809 ஜனவரில இங்கிலாந்துக் கரையை விட்டுக் கிளம்பினதுமே குட்வின் மணல்திட்டுல மோதி முழுகிப் போச்சு, நூத்தி எழுபது வருஷத்துக்கு மேல கழிச்சு அந்தக் காசுங்களை கடல்ல இருந்து எடுத்தாங்க. அதனால இன்னைக்கு மார்க்கெட்ல 1808ம் வருஷத்துக் காசு பளபளன்னு நிறைய கிடைக்கும், அது மெட்ராஸையே பார்க்காத காசு. நம்ம பாட்டி சுருக்குப் பையில இருந்து வர்ற தேஞ்சு போன 1808 நம்ம சந்தைல காய்கறி வாங்கின காசு. ரெண்டுக்கும் அச்சு ஒண்ணுதான், வித்தியாசம் தெரியணும்னா சீட்டுதான் சொல்லணும்.

மேஜைல எப்படி நடந்துக்கணும்னு சில பழக்கம் இருக்கு, முதல் தடவை வர்றவங்களுக்கு சொல்லித் தருவோம். மேஜை மேல கெட்டித் துண்டு விரிச்சுதான் பார்க்கணும், கை தவறினாலும் காசு அடி படாது. விளிம்புல மட்டும் பிடிக்கணும், முகத்துல விரல் வச்சா வேர்வை ரேகை செம்புல அப்படியே பதிஞ்சிடும், அப்புறம் போகாது. காசைக் கிட்ட வச்சு பேசக்கூடாது, எச்சில் துளி பட்டா கொஞ்ச நாள்ல புள்ளி புள்ளியா கருக்கும். அடுத்தவங்க ட்ரேல கை வைக்கிறதுக்கு முன்னாடி கேட்கணும், ஒருத்தர் ட்ரேயை பார்த்து முடிச்சு திருப்பிக் குடுத்த பிறகுதான் அடுத்த ட்ரே. இதெல்லாம் சந்தேகப்பட்டு வச்ச பழக்கம் இல்ல, காசு கலந்து போச்சுன்னா சீட்டும் கலந்து போகும், அதுக்காகத்தான்.

கடைசி ஒரு மணி நேரம் ஏலம். ஆளுக்கு சில காசுதான் வைக்கலாம், ஆரம்ப விலை சீட்டுலயே எழுதியிருக்கணும், போலின்னு பின்னாடி தெரிஞ்சா வித்தவர் பணத்தைத் திருப்பித் தரணும், கடன் கிடையாது, நூத்துக்கு அஞ்சு ரூபா சங்கத்துக்கு. அந்தப் பணத்துலதான் ஹால் வாடகை, டீ, நிப்பட்டு எல்லாம்.

இப்ப சுத்தம் பண்றது. இதைப் பத்தி எவ்வளவு சொன்னாலும் பத்தாது. தயவு செஞ்சு பழைய காசைத் தேய்க்காதீங்க. புளி, எலுமிச்சை, விபூதி, சபீனா, பித்தளை பாலிஷ், டூத் பேஸ்ட், எதுவுமே வேண்டாம். நம்ம வீடுகள்ல குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி காசையும் தேய்ச்சு கொண்டு வருவாங்க, பாக்கிறதுக்கு பளபளன்னு இருக்கும், ஆனா இருநூறு வருஷமா செம்பு மேல படிஞ்ச அந்தப் பழுப்புப் படலம்தான் காசைக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு, அது போனதும் எழுத்தோட ஓரமும் சேர்ந்து போகும், விலையும் பாதிக்குக் கீழ போகும். மண் ஒட்டியிருந்தா காய்ச்சி வடிச்ச தண்ணியில, பேட்டரிக்கு ஊத்த விப்பாங்களே டிஸ்டில்டு வாட்டர், அதுல ஊற வச்சு, தண்ணியை மாத்தி மாத்தி, மண்ணு தானா இளகி வர்ற வரைக்கும் பொறுமையா இருக்கணும். அப்புறம் மெத்துன்னு துணியில ஒத்தி எடுத்து நல்லா உலர விடணும், தேய்க்கக்கூடாது.

செம்புல களிம்பு ரெண்டு வகை, இதைக் கண்டுபிடிக்கத் தெரிஞ்சுக்கணும். கரும்பச்சையா கெட்டியா வழுவழுன்னு இருந்தா அது பாட்டுக்கு இருக்கட்டும், அது நல்லது. வெளிர் பச்சையா பவுடர் மாதிரி பூத்து, தொட்டா விரல்ல ஒட்டுச்சுன்னா அது உப்புச் சத்தால வர்ற அரிப்பு, காத்து ஈரம் பட்டா உள்ள உள்ள தின்னுக்கிட்டே போகும், அந்தக் காசை முதல்ல மத்ததுல இருந்து பிரிச்சு வைங்க, டிஸ்டில்டு வாட்டர்ல பல நாள் ஊற வச்சு உப்பை வெளிய எடுக்கணும், அப்புறம் ஈரம் படாம சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல தனியா வைக்கணும்.

வைக்கிறதுக்கு கடைல விக்கிற மெத்துமெத்துன்னு வாசனை அடிக்கிற பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம், அது பிவிசி, நாளாக நாளாக பச்சையா பிசுபிசுன்னு காசு மேல இறங்கும். மைலார்ங்கிற தெளிவான பிளாஸ்டிக் தாள்ல ஜன்னல் வச்ச அட்டை கிடைக்கும், அது நல்லது, ஸ்டேப்ளர் அடிச்ச பிறகு பின் முனையை கட்டிங் பிளேயரால அமுக்கி விட்டுடுங்க, இல்லன்னா பக்கத்து காசை கீறும். சீட்டை அட்டைக்குப் பின்னாடி வைங்க, செல்லோ டேப் காசு மேல பட வேண்டாம். ஒரு லென்ஸ், பத்து மடங்கு பெரிசா காட்டுறது, அப்புறம் 0.01 கிராம் வரைக்கும் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு காந்தம், இது மூணும் இருந்தா போதும், முதல் வருஷம் வேற எதுக்கும் செலவு பண்ணாதீங்க.

தராசு எதுக்குன்னா, வெள்ளி ரூபாய்க்குத்தான் முதல்ல. 1835ல கம்பெனி ஆட்சி முழுசுக்கும் ஒரே ரூபாய்னு கொண்டு வந்ததுல இருந்து 11.66 கிராம்தான் எடை, குறுக்களவு முப்பது மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல. ராணி தலை, ராஜா தலை எதுவா இருந்தாலும் தேய்மானத்துக்கு கொஞ்சம் குறையலாம், ஒரு கிராம் ரெண்டு கிராம் குறைஞ்சா சந்தேகப்படுங்க, காந்தம் இழுத்தா அது வெள்ளி இல்ல, சந்தேகமே வேண்டாம். இன்னொண்ணு, வெள்ளிக்காக விக்கிறவங்க தெரிஞ்சுக்கணும், பழைய ரூபாய்ல வெள்ளி நூத்துக்கு 91.7, ஆனா 1940ல இருந்து வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய்ல பாதிதான் வெள்ளி, 1947ல வந்த புலி போட்ட ரூபாய்ல வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். பத்தர் ஒருத்தர் 1944ம் வருஷத்து ரூபாய்க்கு குறைவா விலை சொன்னா ஏமாத்துறாருன்னு அர்த்தம் இல்ல. காசுமாலைல இருந்து கழட்டின ரூபாய்ல கொக்கி பத்த வச்ச தடம் இருக்கும், அது சேகரிப்புக்கு விலை குறைவு, ஆனா கல்யாணத்துக்கு அந்தப் பாட்டி போட்டிருந்த மாலைன்னு சீட்டு இருந்தா நான் அதை உருக்கவே விடமாட்டேன். கண்டீரவ பணம், வீரராயன் பணம் மாதிரி பொடிப் பொடி தங்கக் காசு வீட்ல இருந்தா, அரை கிராம்கூட இருக்காது அது, பத்தர்கிட்ட உரைகல்லுல உரைச்சுப் பார்க்க மட்டும் குடுத்துடாதீங்க, உரைச்ச இடம் உரைச்சதுதான்.

மெடல் விஷயத்துக்கு வர்றேன், இதுல எனக்கு ஆதங்கம் ஜாஸ்தி. நம்ம கிராமங்கள்ல முதல் உலகப் போருக்குப் போனவங்க குடும்பம் இன்னும் இருக்கு, மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கிற ராணுவப் பொறியியல் படைல சேர்ந்து பெங்களூர்ல இருந்து மெசபடோமியா வரைக்கும் போனவங்க உண்டு. அந்தப் போர்ல பொதுவா ரெண்டு மெடல் சேர்ந்து வரும். ஒண்ணு பிரிட்டிஷ் வார் மெடல், பெரும்பாலும் வெள்ளி, ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறு பக்கம் குதிரை மேல ஒருத்தர், 1914, 1918னு வருஷம். இன்னொண்ணு விக்டரி மெடல், அது வெண்கலம், சிறகு வச்ச பெண் உருவம், வானவில் கலர் ரிப்பன். எங்க மேஜைக்கு வர்றது அநேகமா விக்டரி மெடல் மட்டும்தான், ஜோடியா வர்றது அபூர்வம். காரணம் ரொம்ப சாதாரணம், வெள்ளி மெடலை பஞ்ச காலத்துலயோ பொண்ணு கல்யாணத்துக்கோ உருக்கியிருப்பாங்க, வெண்கலத்தை பத்தர் வாங்கியிருக்க மாட்டாரு, அதனால தப்பிச்சது. இப்ப வெள்ளி விலை ஏறின ஏத்தத்துல மிச்சம் இருக்கிறதும் போயிடுமோன்னு பயமா இருக்கு.

மெடலுக்கு சீட்டு ஏற்கனவே எழுதியே வந்திருக்கும், அதைத்தான் நிறைய பேர் பார்க்கிறது இல்ல. விளிம்பை லென்ஸ் வச்சு சுத்திப் பாருங்க, பொடி எழுத்துல சிப்பாயோட நம்பர், பதவி, பேர், படைப்பிரிவு எல்லாம் பொறிச்சிருப்பாங்க. விளிம்பைத் தேய்ச்சு பாலிஷ் போட்டா அந்த மனுஷனையே அழிச்சிட்ட மாதிரி. காவேரிப்பட்டணம் பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு அம்மா தாத்தாவோட மெடல்னு கொண்டு வந்தாங்க, சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சு பொட்டு வச்சு கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்காங்க, விளிம்புல இருக்கிற பேரை எங்க வாத்தியார் சத்தமா படிச்சதும், "எங்க தாத்தா பேரை இங்கிலீஷ்ல எழுதியிருக்காங்களா"ன்னு கேட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. அந்த மெடலுக்கு யாரும் விலை பேசல, பேசவும் விடமாட்டோம், குடும்பத்தோட இருக்கிற மெடல் குடும்பத்தோடயே இருக்கணுங்கிறது எங்க கொள்கை. போட்டோ எடுத்து, நம்பர், படைப்பிரிவு எழுதிக்கிட்டு, குடும்பத்துல தெரிஞ்ச கதையை அவங்க சொல்லச் சொல்ல எழுதி, ஒரு காப்பி அவங்ககிட்டயே குடுத்துட்டோம். போர்ல இறந்தவங்களா இருந்தா காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட பட்டியல்ல பேர், நம்பர் வச்சு தேடலாம், உயிரோட திரும்பி வந்தவங்க பேர் அதுல இருக்காது, அவங்களுக்கு வீட்டுக் கதைதான் ஆதாரம், அதனால அதை உடனே எழுதணும். 1965 போரோட சமர் சேவா ஸ்டார், 1971ன் பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல், இதெல்லாம் வாங்கினவங்க இன்னும் நம்ம ஊர்ல நடமாடிக்கிட்டு இருக்காங்க, போய் உக்காந்து கேளுங்க, ஒரு ஞாயித்துக்கிழமை அதுக்கு செலவு பண்ணலாம்.

ஏமாத்து வேலை பத்தி சுருக்கமா சொல்றேன். செம்புல ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ போட்டு, 1818 கிழக்கிந்திய கம்பெனி அரையணான்னு எழுதின வில்லை உங்க கைக்கு வந்தா அது காசே இல்ல, கம்பெனி அப்படி ஒரு அரையணா அடிக்கவே இல்ல, பின்னாடி யாரோ செஞ்சு வித்தது. அதையே ரைஸ் புல்லர், அரிசியை இழுக்கும், இரிடியம், வெளிநாட்டு கம்பெனி கோடிக்கு வாங்கும்னு சொல்லி நிலத்தை வித்து குடுத்தவங்க நம்ம பக்கம் இருக்காங்க. வைஷ்ணோ தேவி போட்ட அஞ்சு ரூபா, பத்து ரூபா 2012ல வந்தது, அதுக்கு லட்சம்னு வீடியோ போடுவாங்க, சில பத்து ரூபாய்க்கு எங்க ஏலத்துலயே கிடைக்கும். பழைய காசை ரிசர்வ் பேங்க் வாங்குது, முதல்ல கமிஷன், வரி கட்டுங்கன்னு போன் வந்தா கட் பண்ணிடுங்க, அப்படி யாருக்கும் அனுமதி குடுக்கலன்னு ரிசர்வ் பேங்கே 2021 ஆகஸ்ட்ல அறிவிச்சிருக்கு.

சட்டம் ரெண்டு தெரிஞ்சு வச்சுக்கணும். மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடைச்சது பத்து ரூபா மதிப்புக்கு மேல இருந்தா 1878ம் வருஷத்து புதையல் சட்டப்படி கலெக்டருக்கு தெரியப்படுத்தணும், நடைமுறைல விஏஓ கிட்ட சொன்னா தாசில்தார் வழியா போகும். பானையோட புதையல் கிடைச்சா எடுக்காம அப்படியே விட்டுட்டு ஆள் அனுப்பச் சொல்லுங்க, பானை எந்த ஆழத்துல எப்படி இருந்துச்சுங்கிறதும் சரித்திரம்தான். அதேபோல நூறு வருஷத்துக்கு மேல பழைய காசை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, 1972ம் வருஷத்து தொல்பொருள் சட்டம். வெளிநாட்டுல இருக்கிற மச்சானுக்கு பார்சல்ல போடலாமான்னு கேட்கிறவங்களுக்கு பதில், போடாதீங்க.

போன வருஷங்கள்ல எங்க சங்கத்துல மூத்தவங்க ரெண்டு பேர் தவறிட்டாங்க. ஒருத்தர் அலமாரில காசு ஒவ்வொண்ணுக்கும் சீட்டு, தனியா ஒரு நோட்டு, எதை எவ்வளவுக்கு வாங்கினாரு, விக்கிறதா இருந்தா சங்கத்துல யாரைக் கூப்பிடணும்னு எழுதி வச்சிருந்தாரு. அவரு வீட்டம்மா ஒரு வார்த்தை சொன்னதும் நாங்க போய் உக்காந்து நோட்டைப் பார்த்து விலை போட்டு ஏலத்துல வச்சோம், முழுப் பணமும் அவங்களுக்கே, அன்னைக்கு நூத்துக்கு அஞ்சுகூட எடுக்கல. இன்னொருத்தர்கிட்ட அதைவிட நல்ல காசெல்லாம் இருந்துச்சு, எல்லாம் அவரு மண்டைக்குள்ளதான், பேப்பர்ல ஒண்ணும் இல்ல. எங்களுக்கு விஷயம் தெரியறதுக்குள்ள செம்பு ஒரு கிலோ இத்தனைன்னு எடைக்குப் போயிடுச்சு. நம்ம இரும்புக்கடை அண்ணன் அவருக்குத் தெரிஞ்ச கடைங்கள்ல எல்லாம் தேடிப் பார்த்து கொஞ்சம் மீட்டாரு, ஆனா எது எந்த ஊர்க் காசுன்னு இனிமே யாருக்கும் தெரியாது. வீட்ல யாராவது ஒருத்தர்கிட்ட, பையனோ பொண்ணோ மருமகளோ, நோட்டு எங்க இருக்குன்னு இன்னைக்கே காட்டி வைங்க.

பள்ளிக்கூடங்களுக்கு போறதுதான் எங்க சங்கத்தோட உருப்படியான வேலைன்னு நான் நினைக்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள காசை வச்சு வரிசைல நிக்க வச்சு காட்டினா பசங்க ரெண்டு நிமிஷத்துல போரடிச்சு போயிடுவாங்க. அதனால கண்டக்டர் அண்ணன் ஒரு வழி கண்டுபிடிச்சாரு, இப்ப ஓடுற சில்லறையை ஒரு கைப்பிடி மேஜைல கொட்டி, லென்ஸ் குடுத்து, வருஷத்துக்குக் கீழ என்ன குறி இருக்குன்னு பார்த்து பிரிங்கன்னு விட்டுடுவாரு. அந்தக் குறிதான் காசு எந்த ஊர்ல அடிச்சதுன்னு சொல்லும், நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத், சின்ன வட்டப் புள்ளி இருந்தா நொய்டா, வைர வடிவம் இருந்தா மும்பை, ஒண்ணுமே இல்லன்னா கொல்கத்தா. பத்து ரூபா காசு செல்லாதுன்னு கடைல திருப்பிக் குடுக்கிறாங்களேன்னு ஒவ்வொரு ஸ்கூல்லயும் கேள்வி வரும், எல்லா டிசைனும் செல்லும்னு சொல்லி, அரூர்க்காரர் ஒருத்தர் 2022ல ஆறு லட்சத்துக்கு பத்து ரூபா நாணயமாவே மூட்டை கட்டிக் கொண்டு போய் கார் வாங்கின கதையைச் சொல்வோம், வகுப்பே சிரிச்சு கை தட்டும். அப்புறம் 1957 ஏப்ரல் 1ல நயா பைசா வந்ததுல இருந்து வந்த விதவிதமான வடிவக் காசுங்க, சதுரம், பூ மாதிரி வளைஞ்ச ஓரம், ஆறு மூலை மூணு பைசா, இதெல்லாம் கையில குடுத்து பார்க்க விடுவோம், அலுமினியம் எவ்வளவு லேசுன்னு அவங்களுக்கு நம்பவே முடியாது.

போற முன்னாடி வெத்து சீட்டு ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டு வருவோம், வீட்ல பெரியவங்ககிட்ட ஒரு பழைய காசு கேட்டு, அதைப் பத்தி அவங்க சொல்றதை எழுதி வாத்தியார்கிட்ட குடுக்கச் சொல்லி. பாலக்கோடு பக்கத்து ஸ்கூல்ல இருந்து வந்த சீட்டு ஒண்ணு, ஓட்டைக் காலணா, 1944, "எங்க ஆயாவுக்கு சின்ன வயசுல இடுப்புக் கயித்துல கட்டியிருந்தது, கட்டினது அவங்க அம்மா, ஊர் மாரண்டஹள்ளி"ன்னு ஆறாம் வகுப்புப் பொண்ணு எழுதியிருந்தா. போர்க்காலத்துல செம்பு மிச்சம் பிடிக்கத்தான் 1943ல அந்தக் காசை ஓட்டை போட்டு அடிச்சாங்க, அந்தத் தகவல் புத்தகத்துல இருக்கு, அவ எழுதினது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. கூப்பிட விரும்புற வாத்தியாருங்க ஒரு மாசம் முன்னாடி சொல்லுங்க, ஒரு தடவைக்கு ஒரு வகுப்புதான் முடியும், மேஜை நாலு வேணும், ஜன்னல் பக்கம் வெளிச்சம் வர்ற ரூமா இருந்தா நல்லது, லென்ஸும் துண்டும் சீட்டும் நாங்களே கொண்டு வந்துடுவோம்.